கட்சிக்காரர் என்பதற்காக வேலையை விட்டுத் தூக்கலாமா? ரெட்ஃபெர்ன் வழக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

மாற்றுத்திறனாளிகளை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய், போகவேண்டிய இடத்தில் இறக்கிவிடும் வேன் ஓட்டுநருக்கு வண்டி ஓட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி கையால் செய்வது. சக்கர நாற்காலியைச் சரிவுப் பலகையில் தள்ளி ஏற்ற வேண்டும். தரையில் இருக்கும் கொக்கிகளில் பட்டைகளை மாட்டி இறுக்க வேண்டும். பயணியின் இடுப்பைச் சுற்றி பெல்ட்டைப் போட்டுவிட்டு, வலிக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று முகத்தைப் பார்க்க வேண்டும். பேச முடியாதவராக இருந்தால் அந்த முகத்தை விட்டால் வேறு தகவல் கிடையாது. வாசலில் நின்று வழியனுப்பிய அம்மாவோ அண்ணனோ உள்ளே போய்விடுவார்கள். கதவு சாத்தியபின் பயணி முழுக்க முழுக்க ஓட்டுநரின் கையில்.

2003 டிசம்பரில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்தார் ஆர்தர் ரெட்ஃபெர்ன். சம்பளம் கொடுத்தது செர்கோ என்ற தனியார் நிறுவனம். நகர கவுன்சில் நடத்தவேண்டிய சேவையை அது காண்ட்ராக்ட் எடுத்து நடத்திக்கொண்டிருந்தது. பயணிகளில் 70 முதல் 80 சதவீதம் பேர் ஆசிய வம்சாவளியினர். ரெட்ஃபெர்ன் வெள்ளையர், ஐம்பத்தைந்து வயதை ஒட்டியவர். அவர் வேலையைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. அவருடைய சூப்பர்வைசரும் ஆசிய வம்சாவளிக்காரர்தான். அவரே ‘முதல்தர ஊழியர்’ என்ற விருதுக்கு ரெட்ஃபெர்னின் பெயரைப் பரிந்துரைத்திருந்தார்.

ஏழே மாதத்தில் வேலை போனது. காரணம் அவர் இருந்த கட்சி.

அது பிரிட்டிஷ் தேசியக் கட்சி, சுருக்கமாக பி.என்.பி. அப்போது வெள்ளையர்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட கட்சி. பிரிட்டனில் குடியேறிய வேறு நிறத்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் பழைய பல்லவி. அந்த உறுப்பினர் விதியையே 2010-இல்தான், அதுவும் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்ட பிறகு, மாற்றியது. இந்தக் கட்சியின் மேல் எனக்கு ஒரு துளி மரியாதையும் இல்லை. அதனால்தான் இந்த வழக்கை எடுத்துக்கொண்டேன். நமக்குப் பிடித்த கட்சிக்காரருக்கு வேலை போனால் அநியாயம் என்று சொல்ல யோசிக்கவே வேண்டாம். பிடிக்காத கட்சிக்காரருக்குப் போகும்போதுதான் நம் கொள்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியும்.

2004 மே, ஜூன்

2004 மே மாதம் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் ரெட்ஃபெர்னின் பெயர் வந்தது: கவுன்சில் தேர்தலில் பி.என்.பி. வேட்பாளர். அலுவலகத்துக்குச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். யூனிசன் தொழிற்சங்கம் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. இந்த ஆளோடு எங்கள் உறுப்பினர்கள் வேலை செய்ய வேண்டியிருப்பது பெரிய கவலை, அவர்களைப் பாதுகாக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்பது அதன் சாரம். தொழிலாளியின் வேலையைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்த சங்கம், ஒரு தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் கதவைத் தட்டியது. சங்கத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிராட்ஃபோர்டில் 2001 ஜூலையில் பெரிய கலவரம் நடந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. தெருவில் எரிந்த வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்சியின் பெயர் வெறும் கருத்தாகத் தெரியாது.

ஜூனில் ரெட்ஃபெர்ன் ஜெயித்துக் கவுன்சிலர் ஆனார். ஜூன் 30 அன்று செர்கோ அவரை உடனடியாக வேலையிலிருந்து நீக்கியது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் ஜெயித்து உட்கார்ந்தது பிராட்ஃபோர்டு கவுன்சிலில். செர்கோவுக்குக் காண்ட்ராக்ட் கொடுத்ததும் அதே கவுன்சில். வாக்காளர்கள் சட்டப்படி தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவர், அந்த மன்றத்தின் வேலையை எடுத்துச் செய்கிற நிறுவனத்தில் வண்டி ஓட்டத் தகுதியில்லாதவர் ஆகிவிட்டார். கவுன்சிலில் கை தூக்கி ஓட்டுப் போடலாம், கவுன்சிலின் வேனை ஓட்டக் கூடாது.

நிறுவனம் சொன்ன காரணங்கள்

நிறுவனத்தின் பக்கம் மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. அதனால் தனித்தனியாகப் பார்ப்பதுதான் சரி.

முதலாவது, பயணிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் ஏற்படும் பதற்றம். இதுதான் கனமான காரணம். மேலே அந்த வேனுக்குள் நடப்பதைச் சற்று விரிவாகச் சொன்னதும் இதற்காகத்தான். கடையில் நிற்கும் ஆளைப் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்க முடியாது, பாதி வழியில் இறங்கவும் முடியாது. நீ இந்த நாட்டுக்காரனே இல்லை என்று சொல்கிற கட்சியின் வேட்பாளர், தன் மகனின் இடுப்பில் பெல்ட் மாட்டுவதைப் பார்க்கும் தாய்க்கு என்ன தோன்றும்? ‘அவர் நன்றாகத்தானே ஓட்டுகிறார்’ என்று அந்தத் தாயிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அவருடைய பயத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் இது வரப்போகும் பயம். நடந்த எதற்கும் வந்த புகார் அல்ல. அவர் ஒரு பயணியை முறைத்தார், ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னார், ஒரு குழந்தையைக் காக்க வைத்தார் என்று எதுவுமே இல்லை. மாறாக, ஏழு மாதம் இதே பயணிகளை ஏற்றி இறக்கியிருக்கிறார். அந்த ஏழு மாதத்துக்கும் சாட்சி, விருதுக்குப் பெயர் கொடுத்த சூப்பர்வைசர். ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்று ஊகிக்க அவருடைய கட்சியைப் பார்ப்பது ஒரு வழி. அவர் எப்படி நடந்துகொண்டார் என்று பார்ப்பது இன்னொரு வழி. இரண்டாவது கையில் இருக்கும்போது முதலாவதைப் பிடித்துத் தொங்குவானேன்?

இரண்டாவது காரணம், பி.என்.பி.யை எதிர்ப்பவர்கள் வேனைத் தாக்கக்கூடும் என்பது. கல்லெறியப் போகிறவர் யாரோ, வேலை போவது ஓட்டுநருக்கு. இந்தத் தர்க்கத்தை ஒப்புக்கொண்டால், யாரையும் வேலையிலிருந்து எடுக்க அவருடைய எதிரிகள் நாலு கல்லைக் கையில் வைத்திருந்தால் போதும். உள்ளே நகர முடியாத பயணிகள் இருக்கிறார்கள் என்பதால் ஆபத்தைச் சும்மா விடவும் முடியாது. ஆனால் அதற்குத் தீர்வு அந்த ஆளை அந்த வேனிலிருந்து இறக்குவது, நிறுவனத்திலிருந்தே இறக்குவது அல்ல.

மூன்றாவது, நிறுவனத்தின் பெயர் கெட்டுக் காண்ட்ராக்ட் கைவிட்டுப் போகலாம் என்பது. மூன்றில் ஒளிவுமறைவு இல்லாத காரணம் இதுதான். வியாபாரம் பண்ணுகிறவர் வியாபாரத்தைப் பார்ப்பதில் தப்பில்லை. இருந்தாலும் ‘வாடிக்கையாளருக்குப் பிடிக்காது’ என்ற வாதம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பினத்தவரைக் கவுண்ட்டரில் உட்காரவைக்காததற்கும் அதே வாதம்தான். ஊரில் பெரும்பான்மைக்கு எது பிடிக்காதோ அது வேலையைப் பறிக்கும் என்றால், அடுத்த ஊரில், அடுத்த பத்தாண்டில், அது யார் கழுத்தில் விழும் என்று யாரால் சொல்ல முடியும்?

கேட்க முடியாத கேள்வி

வேலை போன ஒருவர் இயல்பாகக் கேட்கும் கேள்வி: என்னை நீக்கியது நியாயமா? பிரிட்டனில் அதைக் கேட்க ஒரு சட்டம் உண்டு. நியாயமற்ற பணிநீக்கம் என்று தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். நிறுவனம் என்ன காரணத்துக்காக நீக்கியது, அதற்குமுன் என்ன விசாரித்தது, வேறு வழி பார்த்ததா என்றெல்லாம் தீர்ப்பாயம் துருவும். ஆனால் அந்தக் கதவு திறக்க, அப்போதைய சட்டப்படி ஓராண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். ரெட்ஃபெர்னுக்கு ஏழு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

அந்த ஓராண்டு விதிக்கு விலக்குகள் இருந்தன. கர்ப்பத்துக்காக நீக்கினால், தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்கினால், நிறுவனத்தின் முறைகேட்டை வெளியே சொன்னதற்காக நீக்கினால், முதல் நாளிலிருந்தே வழக்குப் போடலாம். இனம், பாலினம், மதம் சார்ந்த பாகுபாடு என்றாலும் காத்திருக்க வேண்டியதில்லை. அரசியல் கருத்து மட்டும் பட்டியலில் இல்லை. கடல் தாண்டி வட அயர்லாந்தில் இதே வேலை பார்த்திருந்தால் கதை வேறு. அங்கே மதத்தோடு சேர்த்து அரசியல் கருத்தையும் பாகுபாட்டுச் சட்டம் காக்கிறது. கட்சி என்றாலே மதம், மதம் என்றாலே தெரு என்று பிரிந்து ரத்தம் சிந்திய மண். அரசியல் கருத்தைக் காரணமாக்கி வேலை மறுத்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்துக் கற்றுக்கொண்டது. ஆனால் அங்கேயும் அந்த மண்ணின் அரசியலில் வன்முறையை ஆதரிக்கும் கருத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆக, ரெட்ஃபெர்ன் கேட்க நினைத்ததைக் கேட்க முடியவில்லை. திறந்திருந்த ஒரே கதவு இனப் பாகுபாடு. அதில் புகுந்தார். வெள்ளையர்களுக்கு மட்டுமான கட்சியில் இருந்ததால் நீக்கினார்கள், என்னை நீக்கக் காரணம் பயணிகளின் இனம், ஆகவே இது இனம் காரணமான பணிநீக்கம் என்று 1976-ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டத்தைக் கையில் எடுத்தார். சிறுபான்மையினரைக் காக்க எழுதிய சட்டத்தைப் பி.என்.பி. கவுன்சிலர் கேடயமாகப் பிடித்த காட்சி, படிக்கும்போது சிரிப்பை வரவழைக்கும். ஆனால் அவருக்கு வேறு கேடயம் தரப்படவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சிரிக்க வேண்டும்.

முதல் தீர்ப்பாயம் அவருக்கு எதிராகச் சொன்னது. 2005-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர் பக்கம் சாய்ந்தது. அதற்கு ஒரு முன்னுதாரணம் இருந்தது. 1984-இல் ஒரு கேளிக்கைக்கூட மேலாளர், கறுப்பின இளைஞர்களை உள்ளே விடாதே என்று முதலாளி சொன்னதைக் கேட்க மறுத்ததால் நீக்கப்பட்டார். மேலாளர் வெள்ளையர். ஆனாலும் அது இனம் காரணமான பணிநீக்கம் என்று அவருக்கு வெற்றி கிடைத்தது. இனம் என்பது நீக்கப்பட்டவரின் இனமாகவே இருக்க வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் பாடம். அப்படியானால் ரெட்ஃபெர்னுக்கும் பொருந்தும் அல்லவா?

பொருந்தாது என்றது 2006 மேயில் மேல்முறையீட்டு நீதிமன்றம். நீதிபதி மம்மரி எழுதிய தீர்ப்பின் வாதம் எளிமையானது. மேலாளர் இனப் பாகுபாடு காட்ட மறுத்ததற்காக வேலையை இழந்தார். ரெட்ஃபெர்ன் விஷயம் அதற்குத் தலைகீழ். அவர் சொல்வதை ஏற்றால், சக ஊழியரை இனம் சொல்லித் திட்டியவரை நீக்கும் முதலாளிகூட இனப் பாகுபாடு செய்தவர் ஆகிவிடுவார். பாகுபாட்டை ஒழிக்க வந்த சட்டம் பாகுபாட்டுக்குக் காவல் நிற்கும். சட்டத்தை வாசிக்கும் வகையில் இந்தத் தீர்ப்பு சரியானது என்றே எனக்குப் படுகிறது. செர்கோ நீக்கியது ஒரு வெள்ளையரை அல்ல, ஒரு கட்சி உறுப்பினரை.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். இரண்டு ஆண்டு, மூன்று அமர்வுகள். ‘இனம்’ என்ற சொல்லின் எல்லை எது என்று பக்கம் பக்கமாக அலசியாயிற்று. ஆனால் ஏழு மாதம் ஒழுங்காக வேலை செய்தவரை இப்படி நீக்கியது நியாயமா, அவரை வேறு இடத்தில் போட்டிருக்கலாமா என்ற கேள்வியை நியாயமற்ற பணிநீக்கச் சட்டத்தின்படி ஒரு அமர்வும் எடுக்கவில்லை. எடுக்க அவர்களுக்கு அதிகாரமே இல்லை.

ஸ்ட்ராஸ்பர்க்

வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே எதிராளி செர்கோ அல்ல, பிரிட்டிஷ் அரசு. கூடிச் சேர்வதற்கான உரிமையைத் தரும் மனித உரிமை உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவின்படி, தனியார் நிறுவனம் நீக்கினாலும் அதற்கு எதிராக முறையிட ஒரு வழியை அரசு வைத்திருக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி.

2012 நவம்பர் 6 அன்று தீர்ப்பு. நால்வர் ஆம் என்றார்கள், மூவர் இல்லை என்றார்கள். பிரிட்டன் தோற்றது.

நால்வர் சொன்னதைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதைப் பலரும் ‘இனவாதிக்கு வேலை உரிமை’ என்று சுருக்கிவிட்டார்கள். செர்கோ செய்தது தவறு என்று அவர்கள் சொல்லவே இல்லை. நிறுவனம் இக்கட்டான நிலையில் இருந்ததையும், பயணிகள் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் அவர்கள் கண்ணில் பட்டது வேறு சில விவரங்கள். ‘முதல்தர ஊழியர்’ என்று பெயர் எடுத்தவரை, அவர் அரசியல் தெரிந்தவுடன், வேறு வேலை கொடுக்கலாமா என்றுகூட யோசிக்காமல் நீக்கியிருக்கிறார்கள். பயணிகளோடு தொடர்பில்லாத பணி எதுவும் உண்டா என்று பார்க்கவில்லை. அவருக்கு வயது 56. அந்த வயதில் இன்னொரு வேலை கிடைப்பது கஷ்டம். இவ்வளவு கனமான விளைவு உள்ள முடிவை, வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை என்ற ஒரே காரணத்தால் எந்த நீதிபதியும் எடைபோட முடியாது என்பதுதான் மீறல். எடைபோட்டபின் செர்கோவே ஜெயித்திருக்கலாம். அதற்கும் தீர்ப்பு இடம் விட்டது.

எதிர்த்த மூவரில் பிரிட்டன் நாட்டு நீதிபதியும் ஒருவர். அவர்கள் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஒரு சோதனைக் காலம் வேண்டும் என்பது நாடாளுமன்றம் எடுத்த கொள்கை முடிவு, எந்தெந்தக் காரணத்துக்கு விலக்கு தரலாம் என்பதையும் அதுவே முடிவு செய்யட்டும், ஸ்ட்ராஸ்பர்க்கில் உட்கார்ந்துகொண்டு நாம் பட்டியல் போட வேண்டாம் என்றார்கள். இதற்கு என் பதில்: சோதனைக் காலம் என்பது ஒருவருக்கு வேலை தெரிகிறதா என்று சோதிக்க. ரெட்ஃபெர்ன் அந்தச் சோதனையில் விருது வாங்கும் அளவுக்குத் தேறியிருந்தார்.

2013-இல் பிரிட்டன் சட்டத்தைத் திருத்தியது. நீக்கத்துக்கு முக்கியக் காரணம் அரசியல் கருத்தோ கட்சிச் சார்போ என்றால் காத்திருப்புக் காலம் பொருந்தாது. அந்தக் காலம் அதற்குமுந்தைய ஆண்டில்தான் இரண்டு ஆண்டாக நீட்டப்பட்டிருந்தது, அதனால் இந்த விலக்குக்கு இன்னும் மதிப்புக் கூடியது. ஆனால் திருத்தம் கதவைத் திறந்ததோடு சரி. அரசியல் காரணமாக நீக்கினாலே தவறு என்று அது சொல்லவில்லை. நீக்கியது நியாயமா என்று தீர்ப்பாயம் கேட்கும், நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஒரே ஒரு ஓட்டு

இதே கேள்வி வேறு இடங்களில் எப்படிப் போனது என்று தேடினால் ஒரு விஷயம் உறைக்கிறது. ஜெர்மனியில் ஜேவர் என்ற ஊரில் ஜெர்மனும் பிரெஞ்சும் கற்பித்த ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை, ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் என்பதற்காகப் பணிநீக்கம் ஆனார். வகுப்பில் கட்சி பேசினார் என்று குற்றச்சாட்டு இல்லை, மாணவர்களும் பெற்றோரும் அவரை மெச்சினார்கள். 1995-இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பத்துப் பேர் ஆம், ஒன்பது பேர் இல்லை. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு காவல் அதிகாரியின் அலுவலகத்தில் தரவுப் பதிவு செய்த 19 வயதுப் பெண், 1981-இல் அதிபர் ரீகன் சுடப்பட்ட செய்தியைக் கேட்டதும், அடுத்த தடவை முயன்றால் குறி தப்பக் கூடாது என்ற பொருளில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். யாரோ கேட்டுப் போட்டுக்கொடுத்தார்கள், அன்றே சீட்டுக் கிழிந்தது. 1987-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐவர் ஆம், நால்வர் இல்லை.

நான்குக்கு மூன்று, பத்துக்கு ஒன்பது, ஐந்துக்கு நான்கு. மூன்று வழக்கும் ஒரே ஒரு ஓட்டில் தீர்ந்திருக்கின்றன. இது சுலபமான கேள்வி என்று யாராவது மேசையைத் தட்டிச் சொன்னால், இந்த மூன்று எண்களையும் அவர்கள் முன் வைக்கலாம்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஜேவர் ஆசிரியையையும் டெக்சஸ் பெண்ணையும் நீக்கியது அரசாங்கம். அமெரிக்காவில் பேச்சுரிமை அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அதே பெண் தனியார் கம்பெனியில் இருந்திருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் வழக்கே நின்றிருக்காது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள்தான் தனியார் ஊழியரின் அரசியலையும் காக்கின்றன. ரெட்ஃபெர்ன் வழக்கின் முக்கியத்துவம் இங்கேதான்: நீக்கியது தனியார் நிறுவனமாக இருந்தும் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்றது.

அரசு வேலையிலேயே இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1892-இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றத்தில் ஹோம்ஸ் என்ற நீதிபதி, அரசியல் பேச ஒருவருக்கு உரிமை இருக்கலாம், போலீஸ்காரராக இருக்க உரிமை கிடையாது என்று ஒரே வரியில் முடித்தார். இந்தியாவிலும் அந்த வரியின் நிழல் விழுந்தது. 1958-இல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி நீக்கப்பட்ட ரயில்வே ஊழியர்களின் வழக்கில், கட்சியில் இருக்க உங்களுக்குத் தடையில்லை, அரசு வேலையில் தொடர்வது அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 25 ஆண்டு கழித்து, 1983-இல், மத்தியப் பிரதேச ஆசிரியர் ஒருவரின் வழக்கு வந்தது. ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் பங்கெடுத்தவர் என்ற போலீஸ் அறிக்கையை வைத்து அவரை நீக்கியிருந்தார்கள். நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அது செல்லாது என்றார். இடதுசாரிச் சாய்வு உள்ளவர் என்று அறியப்பட்ட நீதிபதி, வலதுசாரி அமைப்பில் இருந்தவரின் வேலையைக் காத்தார். அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்ததும் அதுதான்.

என் கணக்கு

செர்கோவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பத்திரிகை வந்த மறுநாளே அவரை அந்த வேனிலிருந்து மாற்றியிருப்பேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தேர்ந்தெடுக்கும் வசதியில்லாத பயணியின் பயத்தை ஓட்டுநரின் கொள்கை உரிமைக்குக் கீழே வைக்க முடியாது. ஆனால் மாற்றுவது சம்பளத்தோடு, அதே நிறுவனத்துக்குள். பணிமனையிலோ சரக்கு வண்டியிலோ இடம் இருக்கிறதா என்று தேடியிருப்பேன். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வேலை நேரத்தில் கட்சிச் சின்னம் கிடையாது, பேச்சு கிடையாது, சக ஊழியரிடம் ஒரு வார்த்தை தப்பினாலும் நடவடிக்கை என்று எழுதி வாங்கியிருப்பேன். சங்கத்தைக் கூப்பிட்டு, அவர் நடத்தையில் குறை இருந்தால் சொல்லுங்கள், விசாரிக்கிறேன் என்றிருப்பேன். இவ்வளவும் செய்து, உண்மையிலேயே வேறு இடமே இல்லை என்றால் நீக்கியிருப்பேன், நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு. முடிவு ஒருவேளை அதேதானே என்று கேட்கலாம். இல்லை. முதல் கேஸில் அவரை எடுத்தது அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த மூன்று எழுத்து. இரண்டாவதில் ஒரு விசாரணை.

சில வேலைகளில் கட்சியே தகுதிக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்துக் காவல்துறையில் பி.என்.பி. உறுப்பினர்களுக்கு இடமில்லை என்று 2004-இலேயே முடிவெடுத்தார்கள். கைது செய்யும் அதிகாரமும் தடியும் உள்ள வேலையில் ஒருவர் எல்லோரையும் சமமாக நடத்துவார் என்ற நம்பிக்கை முன்கூட்டியே வேண்டும். ஒரு கட்சி அலுவலகம் எதிர்க்கட்சிக்காரரை வேலைக்கு வைக்காது, அதையும் யாரும் கேட்க மாட்டார்கள். சக ஊழியரைக் கட்சியின் பெயரால் சீண்டுகிறவருக்கு எந்தப் பாதுகாப்பும் தேவையில்லை. அது நடத்தை, கருத்து அல்ல. பிரச்சினை, இந்த விதிவிலக்குகளை எடுத்துக்கொண்டு எல்லா வேலைக்கும் நீட்டுகிறவர்களிடம்தான். கணக்கு எழுதுகிறவர், கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர், குழாய் மாட்டுகிறவர், இவர்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்பதால் கணக்கு தப்பாது, பெட்டி சரியாது, குழாய் ஒழுகாது.

நிறுவனங்கள் பயப்படுவதும் புரிகிறது. 2004-இல் பத்திரிகைச் செய்திக்கும் பணிநீக்கத்துக்கும் நடுவில் ஒரு மாதமாவது இருந்தது. இன்றைக்குக் காலையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் கிளம்பினால் மாலைக்குள் முடிவெடு என்று நெருக்குகிறார்கள். ஆயிரம் பேர் கத்தும்போது விசாரணை நடத்துகிறேன் என்று சொல்ல ஒரு மேலாளருக்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலைச் சட்டம் கொடுத்தால், அதாவது ‘விசாரிக்காமல் நீக்கினால் தீர்ப்பாயத்தில் நான் மாட்டிக்கொள்வேன்’ என்று அவரால் பதில் சொல்ல முடிந்தால், அது நிறுவனத்துக்கும் ஒரு கவசம். இதை முதலாளிகள் ஏனோ பார்ப்பதில்லை.

பிரிட்டனின் திருத்தம் 2013 ஜூன் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு வேலை இழந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். 2004 ஜூன் 30 அன்று ரெட்ஃபெர்னை நீக்கியது நியாயமா என்று கேட்க வழி செய்த சட்டம், ரெட்ஃபெர்னுக்குப் பொருந்தவில்லை.